கேசமும் ரோமமும்: சீக்கியர்கள் ஏன் முடி வெட்டுவதில்லை?

வேலைக்காக லூதியானாவில் இரண்டு வருடம் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம். வீட்டு ஆட்கள் எல்லாரும் முன்னதாகக் கிளம்பிவிட்ட காலை வேளைகளில் அந்த வீட்டுக்காரர் என் கதவைத் தட்டுவார். "வீர் ஜி, பூணி!" என்பார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வருவேன்.

பூணி என்றால் தலைப்பாகைத் துணியை மடித்துத் தயார் செய்வது. ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள மெல்லிய பருத்தித் துணி. ஒரு முனையின் இரண்டு மூலைகளும் என் கையில், மறுமுனை அவர் கையில். வராந்தாவின் இரு கோடியிலும் நின்று விறைப்பாக இழுத்து, சுருக்கம் போக உதறி, நீளவாக்கில் மடித்து, அதை மறுபடியும் மடிப்போம். நான் கொஞ்சம் பிடியைத் தளர்த்தினாலும் நடுவில் தொய்ந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொள்வாராம். மடித்த துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் சுற்றத் தொடங்கினால், நெற்றியில் ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றுக்கு அரை விரல் தள்ளிப் போய் உட்காரும். கடைசியில் ஊசி மாதிரி ஒரு கம்பியை எடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியையும் துணி மடிப்பையும் உள்ளே தள்ளிச் சரி செய்வார். மொத்தம் பத்து நிமிஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். முடி இடுப்புவரை இருந்தது, தயிர் வாசம் அடித்தது. மரச்சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி மெதுவாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஏன் வெட்டுவதே இல்லை என்று கேட்டேன். "இது தானம்" என்றார்.

பழனியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை கொடுத்து வளர்ந்தவன் நான். தானம் என்றதும் அவரும் எங்கேயோ ஒருநாள் இதைக் கொடுக்கப் போகிறார் என்றுதான் புரிந்துகொண்டேன். அவர் சொன்னது நேர் எதிர். முடி அவர் கடவுளுக்குக் கொடுக்கும் தானம் இல்லை, கடவுளிடமிருந்து அவர் வாங்கிக்கொண்ட தானம். சீக்கியர்கள் தினமும் நின்றபடி சொல்லும் பொதுப் பிரார்த்தனைக்கு அர்தாஸ் என்று பெயர். அதில் என்னென்ன வேண்டும் என்று கேட்கும் ஒரு வரிசை வரும். சீக்கிய நெறியைத் தானமாகக் கொடு என்று கேட்ட கையோடு, 'கேஸ் தான்' கொடு என்று கேட்பார்கள். கேஸ் என்றால் முடி. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஓரளவு விளங்கிவிடும்.

சொல்லும் நமக்குப் புதிதில்லை. பஞ்சாபியில் கேஸ் என்பதுதான் நம் கேசம். உடம்பில் இருக்கும் முடியை அவர்கள் ரோம் என்பார்கள், அது நம் ரோமம். இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து இரண்டு பக்கமும் போன சொற்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீக்கியர் என்றால் தலைமுடியும் தாடியும்தான் விஷயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விதி கேசத்தோடு நிற்பதில்லை, ரோமத்துக்கும் சேர்த்துத்தான். கை, கால், அக்குள், மார்பு, புருவம், மேலுதடு என்று எந்த இடத்து முடியையும் வெட்டுவதோ, மழிப்பதோ, பிடுங்குவதோ கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி.

எழுத்தில் இது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்று உலகமெங்கும் பெரும்பாலான சீக்கியர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் நடத்தை விதித்தொகுப்பு 'சீக்கிய ரஹித் மரியாதா'. சீக்கியக் கோயில்களான குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945ல் இதற்கு இறுதி வடிவம் கொடுத்தது. தீட்சை பெற்ற சீக்கியர் செய்யவே கூடாத நான்கு பெருங்குற்றங்களை அது சொல்கிறது. முதலாவதே முடிக்கு அவமரியாதை செய்வது. கணவன் மனைவி அல்லாத உறவும் புகையிலையும் ஹலால் முறையில் அறுத்த இறைச்சியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வெட்டுதல் என்று சொல்லாமல் அவமரியாதை என்கிறது. பஞ்சாபியில் 'பேஅதபீ'. ஒரு பெரியவரை மரியாதைக் குறைவாக நடத்தினால் என்ன சொல் வருமோ அதே சொல்.

பிறந்த குழந்தையைப் பற்றியும் ரஹித் மரியாதாவில் வருகிறது. குழந்தை என்ன முடியோடு பிறந்ததோ அதைக் குறையாக நினைக்காதே, அப்படியே விட்டுவிடு என்று பெற்றோருக்குச் சொல்கிறது. நம் பக்கம் பிறந்த முடியை முதல் மொட்டையில் இறக்கி குலதெய்வத்துக்குக் கொடுத்தால்தான் மனம் ஆறும். அங்கே அந்தப் பூமுடிதான் குழந்தைக்குக் கிடைத்த முதல் சொத்து. இன்னும் இரண்டு விஷயம்: மூக்கு, காது குத்தக்கூடாது என்கிறது. தாடிக்குச் சாயம் பூசுவதும் தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. பஞ்சாபில் எத்தனையோ சீக்கியப் பெண்கள் கம்மலும் மூக்குத்தியும் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தும் வாழ்க்கையும் எல்லா மதத்திலும் இப்படித்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்த விதிகளுக்கு அடியில் ஓடும் எண்ணம் ஒன்றுதான். உடம்பு முழுமையாகத்தான் வந்திருக்கிறது. அதில் திருத்த வேண்டிய பிழை எதுவும் இல்லை.

இந்த எண்ணத்துக்குச் சீக்கியத்தில் ஒரு பெயர் உண்டு, 'ஹுகம்'. கட்டளை, ஆணை என்று மொழிபெயர்க்கலாம். கடவுளின் ஏற்பாடு என்று சொன்னால் இன்னும் நெருங்கி வரும். சீக்கியத்தைத் தொடங்கிய குரு நானக்கின் (1469–1539) ஜப்ஜி சாஹிப் என்ற பாடல் அவர்களின் வேதமான குரு கிரந்த் சாஹிப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதன் முதல் பத்தியே, பொய்யின் சுவரை உடைத்து உண்மையாவது எப்படி என்று கேட்டு, அந்த ஹுகமுக்கு இசைந்து நட என்று பதில் சொல்கிறது. முடி கேட்காமலே முளைக்கிறது, எவ்வளவு முளைக்க வேண்டுமோ அவ்வளவு முளைக்கிறது. அதை ஏற்பாட்டின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்வது ஹுகமுக்குத் தினமும் 'சரி' சொல்வது மாதிரி. தலையிலிருந்து கால்வரை முடி கலைக்காமல் இருப்பவரை 'சாபத் சூரத்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். முழு உருவம் என்று அர்த்தம். ஐந்தாவது குருவான குரு அர்ஜன் ஒரு பாடலில் இந்தச் சொல்லையும் தலைப்பாகையையும் ஒரே வரியில் சேர்த்துப் பாடியிருக்கிறார்.

முடியை அப்படியே விடுவதுதான் புனிதம் என்றால் ஜடாமுடிச் சாமியார்கள்தானே முன்னுதாரணம்? இந்த இடத்தில்தான் சீப்பு வருகிறது. ஐந்து 'க' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: கேஸ், கங்கா, கடா, கச்செரா, கிர்பான். முடி, சீப்பு, இரும்பு வளையம், தைத்த உள்ளாடை, குறுவாள். கங்கா என்பது ஆற்றின் பெயர் இல்லை, அழுத்தி உச்சரிக்க வேண்டும், சின்ன மரச்சீப்பு. முடியும் சீப்பும் பிரிக்க முடியாத ஜோடி. பத்தாவது குருவின் சபையில் இருந்த கவிஞர் பாய் நந்த் லால் பெயரில் வழங்கும் பழைய நடத்தை நூல் ஒன்று, இரண்டு வேளையும் தலை சீவு, தலைப்பாகையை மடிப்பெடுத்துக் கட்டு என்கிறது. மேலே சொன்ன பூணிக்கு அவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

குரு நானக்கின் காலத்தில் வட இந்தியாவில் இரண்டு வகைத் துறவிகளைத் தெருவில் பார்க்கலாம். உலகத்தை விட்டதற்கு அடையாளமாக ஒருவர் ஜடை வளர்ப்பார், சாம்பல் பூசுவார். இன்னொருவர் தலையை முழுக்க மழிப்பார். நானக் இரண்டையும் ஏற்கவில்லை. கந்தல் அங்கியிலோ தண்டத்திலோ சாம்பலிலோ மொட்டைத் தலையிலோ யோகம் இல்லை என்று பாடினார். அவர் வழி குடும்பத்தில் இருந்து, உழைத்து, பகிர்ந்து உண்ணும் வழி. முடியை வளர்த்து, தினமும் சீவி, முடிந்து, துணியால் கட்டிக்கொண்டு வயலுக்கும் கடைக்கும் போகிற மனிதன் அந்த இரண்டு துறவிகளுக்கும் பதில். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தயிருக்கும் சிக்கெடுப்பதற்கும் செலவழிக்கும் அந்தப் பொறுமை எனக்கு அன்று மாடியில்தான் புரிந்தது. வெட்டாமல் இருப்பதில் உழைப்பு ஒன்றும் இல்லை. பராமரிப்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குரு கிரந்த் சாஹிப்பில் கபீரின் பாடல்களும் இடம்பெற்றிருக்கின்றன. அதில் ஒன்று, ஒருவனான கடவுளிடம் அன்பு வைத்தால் இருமை போய்விடும், அப்புறம் நீ நீள முடி வைத்தால் என்ன, தலையை மழித்தால் என்ன என்கிறது. முடி விதியைக் கேள்வி கேட்பவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இதற்கு என் நண்பர்கள் சொன்ன பதில் எனக்கு நியாயமாகப் பட்டது. முடி யாரையும் முக்திக்குக் கொண்டுபோகாது, அதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நீள முடியோடு அயோக்கியனாக இருக்க முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அன்பு இருக்கிற இடத்தில் அன்பானவர் கேட்ட ஒன்றைச் செய்யாமல் இருக்க முடியுமா என்பார்கள். கேட்டவர் பத்தாவது குருவான குரு கோபிந்த் சிங்.

1699 வைசாகி நாளில் அனந்த்பூர் சாஹிப்பில் அவர் கூட்டத்தின் முன் வாளை உருவி, தலை கொடுக்க யார் தயார் என்று கேட்டதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. ஐந்து பேர் ஒவ்வொருவராக எழுந்தார்கள். லாகூர், ஹஸ்தினாபூர், துவாரகை, பூரி, பீதர் என்று வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி. பஞ்ச் பியாரே, அன்புக்குரிய ஐவர் என்பார்கள் அவர்களை. ஒரே பாத்திரத்து இனிப்பு நீரை அவர்களுக்குக் கொடுத்து கால்சா என்ற அமைப்பைத் தொடங்கினார் குரு, பிறகு அவர்களிடமே தானும் தீட்சை பெற்றார். ஆண்களுக்கு சிங், பெண்களுக்கு கௌர் என்ற பொதுப்பெயர் இந்த மரபிலிருந்து வருவதுதான். சாதிப்பெயர் போக வேண்டும் என்பதற்காக வைத்த பெயர். முடியும் அப்படித்தான், ஆயிரம் பேர் நடுவில் நின்றாலும் மறைந்துகொள்ள முடியாத அடையாளம்.

மறைந்துகொள்ள முடியாததால் வந்த விலையும் அதிகம். 1745ல் லாகூரில் பாய் தாரு சிங் என்ற விவசாயியை ஆளுநர் ஜக்கரியா கான் பிடித்துவரச் செய்தார். காட்டில் ஒளிந்திருந்த சீக்கியர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. மதம் மாறி முடியைக் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள். அவர் மறுத்தார். தலையின் தோலோடு சேர்த்து முடியை எடுத்தார்கள் என்பது சீக்கியர்கள் இன்றும் நெஞ்சில் வைத்திருக்கும் வரலாறு. அர்தாஸில் தியாகிகளை நினைக்கும் பகுதியில் மண்டைத்தோல் உரிக்கப்பட்டவர்கள் என்று ஒரு வரி வரும். கடைசி மூச்சுவரை கேசத்தோடு சீக்கிய நெறியைக் காத்தவர்கள் என்றும் ஒரு வரி வரும். ஆறு வயதுப் பிள்ளைகூடக் கண்ணை மூடி நின்று இதைக் கேட்கிறது. ஒரு சலூன் நாற்காலியில் உட்காருவது அந்தப் பிள்ளைக்கு ஏன் வெறும் ஸ்டைல் விஷயமாக இருக்க முடியாது என்பது அர்தாஸைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போதும் எல்லாச் சீக்கியர்களும் ஒரே மாதிரி இல்லை. தீட்சை பெற்று ஐந்து 'க'வையும் காப்பவர் அம்ரித்தாரி. தீட்சை பெறாவிட்டாலும் முடியைக் காப்பவர் கேஸ்தாரி. குருவை நம்பி, ஆனால் முடி விதியை முழுக்க மேற்கொள்ளாதவர் சஹஜ்தாரி. தீட்சை பெற்ற பிறகு முடியை வெட்டிவிட்டால் 'பதித்' என்பார்கள், தவறியவர் என்று அர்த்தம், கொஞ்சம் வலிக்கிற சொல்தான். இந்தக் கோடுகள் இவ்வளவு அழுத்தமாக விழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1873ல் அமிர்தசரஸில் தொடங்கிய சிங் சபா இயக்கம் சீக்கியர் யார் என்பதைத் தெளிவாக வரையறுக்க முயன்றது. பிரிட்டிஷ் ராணுவமும் சீக்கியப் படைவீரர்கள் முடியும் தலைப்பாகையுமாகத்தான் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 2016ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, குருத்வாரா கமிட்டித் தேர்தலில் சஹஜ்தாரிகளுக்கு இருந்த வாக்குரிமையை நீக்கியது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. குருவிடம் அன்போடு வருகிறவர்களை வாசலில் நிறுத்திவைப்பது மாதிரி இருக்கிறது.

சரி, பெண்கள் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கொள்கையின் உண்மையான சோதனை இங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு சீக்கிய இளைஞன் தாடி வளர்த்தால் உலகம் அதை ஆண்மை என்றோ கம்பீரம் என்றோ பார்க்கும். தலைப்பாகை கட்டச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன, அழகாகக் கட்டுவதற்குப் போட்டிகள் நடக்கின்றன, பாட்டியாலா பாணி, மோர்னி பாணி என்று வகை வகையாகப் பெருமைப்பட இடமிருக்கிறது. அதே வயதுப் பெண்ணுக்கு மேலுதட்டில் முடி தெரிந்தால்? புருவம் அடர்த்தியாக இருந்தால்? அவளுக்கு எந்தக் கோப்பையும் கிடையாது. வகுப்பில் யாரோ சிரிப்பார்கள், அத்தை யாராவது காதோரம் வந்து பார்லர் பெயர் சொல்வார். விதி இருவருக்கும் ஒன்றுதான். அதைக் காப்பாற்றுவதற்கு ஆகும் செலவு ஒன்றாக இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு முன்னால் சிநேகிதிகளோடு போய் மேலுதட்டை த்ரெடிங் செய்துகொண்டு வந்துவிட்டாள். அம்மா அம்ரித்தாரி. திட்டுவார் என்று பயந்தாளாம், திட்டவில்லை. "ஆனால் அன்று சாயங்காலம் அர்தாஸ் சொல்லும்போது 'கேஸ் தான்' என்ற இடம் வந்ததும் எனக்குக் குரல் வரவில்லை" என்று அவர் என் மனைவியிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. மகளின் முகத்தில் அவர் பார்த்தது தனக்குக் கிடைத்த ஒன்று பத்திரமாகக் கைமாறாமல் போகிற பயம்தான். அந்தப் பெண் அதற்குப் பிறகும் பார்லருக்குப் போனாள், அந்தப் பேச்சும் வீட்டில் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் தலைக்குத் தயிர் தேய்த்துவிட்டதும் அவள்தான்.

பிளீச் செய்தால் தப்பா என்று அந்த வீட்டில் ஒருநாள் முழுக்க வாதம் நடந்தது. வெட்டவில்லையே, நிறம்தானே மாறுகிறது என்றாள் மகள். மறைக்க வேண்டிய குறை என்று நினைப்பதுதானே அவமரியாதை என்றார் அம்மா. இருவர் பக்கமும் எனக்கு நியாயம் தெரிந்தது. ஆனால் அம்மா சொன்னது விதியின் உயிர்நாடிக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது.

முடியோடு வெளிப்படையாக வாழத் துணிந்த பெண்களும் இருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஹர்நாம் கௌருக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் சின்ன வயதிலேயே தாடி வளரத் தொடங்கியது. வருடக்கணக்கில் வேக்ஸிங், பிளீச்சிங், கேலி. பதின்பருவத்தில் சீக்கிய தீட்சை பெற்றவர், இனி எடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்தார். பிற்பாடு தாடியோடு கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றார். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் துணிச்சல் என்றே சொல்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு அடியில் மேலே சொன்ன பழைய நம்பிக்கை இருக்கிறது, இந்த உடம்பு எனக்குக் கொடுக்கப்பட்டது, பிழையாகக் கொடுக்கப்படவில்லை என்பது. இன்னொரு பக்கம், கெஸ்கி என்ற சின்னத் தலைப்பாகை கட்டும் பெண்களும் உண்டு. அகண்ட கீர்த்தனி ஜத்தா என்ற பிரிவு ஐந்து 'க'வில் முதலாவதாகவே கெஸ்கியைத்தான் எண்ணுகிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும்.

புருவம் நீதிமன்றம்வரை போன கதையும் இருக்கிறது. அமிர்தசரஸில் சீக்கியச் சிறுபான்மை ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு, புருவத்தைத் திருத்தியிருக்கிறாள் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. வழக்கு பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்குப் போனது. முடியை வெட்டாமல் காப்பது சீக்கிய மதத்தின் அடிப்படையான, மிக முக்கியமான கூறு என்று 2009 மே மாதம் தீர்ப்பு வந்தது. கல்லூரி பக்கம்தான் வென்றது. மதம் என்ன சொல்கிறது என்பதை நீதிமன்றம் சரியாகவே படித்தது என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு மாணவியின் புருவத்தை அளவுகோலாக வைத்து ஒதுக்கீட்டு இடத்தைத் தீர்மானிப்பது எனக்கு ஒப்பவில்லை. பிரார்த்தனையில் கேட்டு வாங்கும் தானத்தை விண்ணப்பப் படிவத்தில் காட்டி நிரூபிக்கச் சொல்வது அதன் தன்மையையே மாற்றிவிடுகிறது.

வெளிநாட்டுச் சட்டப் போராட்டங்கள் நிறைய. மோட்டார் சைக்கிளில் தலைப்பாகையோடு போகும் சீக்கியருக்கு பிரிட்டன் 1976ல் ஹெல்மெட் விலக்கு கொடுத்தது. தலைப்பாகையால் ஒரு பையனைச் சேர்க்க மறுத்த பள்ளி மீதான வழக்கில் 1983ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை சீக்கியர்களை ஓர் இனக்குழுவாகவே ஏற்றது. கனடாவின் மத்தியப் போலீஸ் 1990ல் தலைப்பாகையை அனுமதித்தது. பிரான்ஸ் 2004ல் எதிர்த் திசையில் போய், அரசுப் பள்ளிகளில் மத அடையாளங்களைத் தடை செய்தது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்த ஹெல்மெட் விலக்கு இருக்கிறது.

ஆனால் 1984ஐ அப்படி வேகமாகக் கடக்க முடியாது. இந்திரா காந்தி கொல்லப்பட்டதும் டெல்லித் தெருக்களில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அரசுக் கணக்கின்படி டெல்லியில் மட்டும் 2,733 பேர். தலைப்பாகையும் தாடியும்தான் கொலைகாரர்களுக்கு அடையாளம். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனையோ பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து கத்தி படாத முடியைத் தாங்களே வெட்டினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளுக்கு வெட்டிவிட்டார்கள், சிலர் பின்னிவிட்டுப் பெண்பிள்ளை உடுப்புப் போட்டு மறைத்தார்கள். அந்த இரவுகளுக்குப் பிறகு மறுபடி வளர்த்தவர்கள் உண்டு, வளர்க்கவே முடியாமல் போனவர்களும் உண்டு. அவர்களைத் தவறியவர்கள் என்று எப்படிச் சொல்வது? 2001 செப்டம்பர் 11க்கு நான்கு நாள் கழித்து அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பல்பீர் சிங் சோதி தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டதும் தலைப்பாகையைப் பார்த்துத்தான். நம் வாரப் பத்திரிகைகளில் பல காலம் வந்துகொண்டிருந்த சர்தார்ஜி ஜோக்குகள் இதையெல்லாம் தெரிந்த பிறகு எனக்குப் படிக்க முடிவதில்லை.

இன்று பஞ்சாப் கிராமங்களிலேயே முடி வெட்டிய இளைஞர்கள் ஏராளம். பட்கா கட்டிப் பள்ளிக்குப் போகும் பையனைப் பெண்பிள்ளை என்று கிண்டல் செய்வது, நேரமின்மை, வெளிநாட்டு வேலை, சினிமா, வெறும் விருப்பம் என்று காரணம் எத்தனையோ. பட்கா என்பது கொண்டையோடு தலையை இறுக்கிக் கட்டும் சின்னத் துணி. சென்னை அணிக்கு ஆடி, தமிழில் ட்வீட் போட்ட ஹர்பஜன் சிங் பந்து வீசும்போது கட்டியிருப்பாரே, அதுதான். உச்சந்தலையில் கொண்டை இருந்தால் சாதாரண சைக்கிள் ஹெல்மெட் உட்காராது. கனடாவில் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்காக, கொண்டைக்கு இடம் விட்டு மேலே புடைத்திருக்கும் ஹெல்மெட்டை வடிவமைத்திருக்கிறார். படத்தைப் பார்த்தபோது மரபைக் காப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று தோன்றியது. பையன் சைக்கிளும் ஓட்டலாம், முடியும் இருக்கும்.

சீக்கிய நண்பர்கள் உள்ளவர்களுக்கு இரண்டு விஷயம். தலைப்பாகையைத் தொட்டுப் பார்ப்பதும் 'ஒரு தடவை கழற்றிக் காட்டேன்' என்பதும் வேண்டாம். அது தொப்பி இல்லை, பொது இடத்தில் கழற்றச் சொல்வது உடுத்திய துணியை அவிழ்க்கச் சொல்வதற்குச் சமம். கேள்வி கேட்பதில் தப்பே இல்லை, பெரும்பாலும் ஆசையாகச் சொல்வார்கள். அப்புறம், ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன்னால் வயிறு, மார்பு, கால் என்று எங்கே மழிப்பதாக இருந்தாலும் சீக்கிய நோயாளியிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். உயிரைக் காக்க வேறு வழியில்லை என்றால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மருத்துவமும் இப்போது இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஆபரேஷனுக்காக முடியை எடுக்காமல் விடுவதே நல்லது, எடுத்தே ஆக வேண்டுமென்றால் ரேஸர் வேண்டாம், கிளிப்பரால் மட்டும் எடுங்கள் என்பது 2016ல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டுதல். மழித்தால் நுண்ணிய காயங்கள் வழியே தொற்று வரலாம் என்பது காரணம்.

இதை நேரில் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியை எல்லாரும் பீஜி என்று கூப்பிடுவோம், எண்பதைத் தாண்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. மகன் ஊரில் இல்லை, நானும் மருமகளும்தான் கூட்டிப்போனோம். தையல் போட வேண்டும், சுற்றிலும் முடி எடுக்காமல் முடியாது. பணியிலிருந்த இளம் டாக்டர் கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் குனிந்து, "பீஜி, கொஞ்சம்தான், எடுக்கட்டுமா?" என்று கேட்டார். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உதட்டுக்குள் "வாஹேகுரு" என்று கடவுள் பெயரைச் சொல்லித் தலையசைத்தார். ஆறு தையல். முடிந்ததும் குப்பைக் கூடை பக்கம் போன நர்ஸைக் கைநீட்டி நிறுத்தினார். அந்த வெள்ளைமுடிக் கற்றையை ஒரு பஞ்சில் சுற்றிக் கொடுத்தார் நர்ஸ். பீஜி அதைத் துப்பட்டாவின் நுனியில் முடிந்துகொண்டு, ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை அந்த முடிச்சைக் கையிலிருந்து விடவில்லை.